கேளுங்கள், சொல்கிறோம்: காப்பார் புகைபோக்கிக்குக் கீழே என்ன நடக்கிறது?

போன இதழில் மின்கட்டணம் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிலாங்கூர் காப்பார் கடற்கரையில் நிற்கும் நிலக்கரி மின் நிலையத்தைப் பற்றியவை. தினமும் வேலைக்குப் போகும்போது செம்பனை மரங்களுக்கு மேலே அந்தப் புகைபோக்கிகளைப் பார்க்கிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. இந்தத் தடவை முழுப் பக்கமும் அதற்கே.

"நிலக்கரியை எரித்தால் ஆவி வரும், ஆவி டர்பைனைச் சுற்றும், மின்சாரம் வரும் என்று பாடப் புத்தகத்தில் மூன்று வரியில் முடித்துவிட்டார்கள். உண்மையில் எப்படி நடக்கிறது?" – படிவம் நான்கு மாணவர், காப்பார்

மூன்று வரியும் சரிதான் தம்பி, ஆனால் கேட்கத் தோன்றியதே நல்லது, அதனால் கரி வந்து இறங்கும் இடத்திலிருந்தே சொல்கிறேன்.

கப்பலில் வரும் கரி ஜெட்டியில் இறங்கி, நீளமான பெல்ட்டில் ஏறிக் களத்துக்குப் போய்க் குவிகிறது. களத்தில் அதைச் சும்மா போட்டு வைக்க முடியாது. கரிக் குவியலுக்குள் காற்றுப் புகுந்தால் அது தானாகவே சூடேறும், யாரும் தீ வைக்காமலேயே உள்ளுக்குள் கனன்று புகைய ஆரம்பித்துவிடும், அதிலும் இந்தோனேசியாவிலிருந்து வரும் இளங்கரிக்கு இந்தக் குணம் அதிகம். அதனால் புல்டோசரை மேலே ஏற்றி அமுக்கிக் காற்றை வெளியேற்றுகிறார்கள், தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கிறார்கள், முதலில் வந்த கரியை முதலில் எடுத்து எரிக்கப் பார்க்கிறார்கள்.

களத்திலிருந்து மில்லுக்கு. அங்கே கனத்த இரும்பு உருளைகள் கரியை நசுக்கி அரைத்து மாவாக்கும், விரலில் எடுத்துத் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும், அவ்வளவு நைஸ். சூடான காற்று அந்தத் தூளைக் குழாய் வழியாக உலைக்குள் ஊதிவிடும். அடுப்பில் எரிவதுபோல அது குவிந்து கிடந்து எரிவதில்லை, காற்றில் பறந்துகொண்டே ஓரிரு வினாடிக்குள் எரிந்து முடிந்துவிடும். உள்ளே சூடு ஆயிரம் டிகிரியை எளிதாகத் தாண்டும். உலையின் சுவர்களே குழாய்களால் ஆனவை, நெருக்கமாக வரிசை வரிசையாக நிற்கும் எஃகுக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஓடி ஆவியாகிக்கொண்டிருக்கும். ஒரு குழாயில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் அதிலிருந்து சீறும் ஆவி பக்கத்துக் குழாயையும் அறுத்துவிடும், யூனிட்டை (ஒரு உலையும் அதன் டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்தது ஒரு யூனிட்) நிறுத்தித்தான் ஆக வேண்டும். மின் நிலையக்காரர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அதிகம் கவலைப்படும் பழுது இதுதான்.

அப்படிச் சூடேறிய ஆவி ஏறக்குறைய 540 டிகிரியில், நாம் மூச்சு விடும் காற்றைப்போல 160 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், ஆவி தள்ளினால் சுற்றும் இறக்கைச் சக்கரமான டர்பைனுக்குள் பாயும். டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, ஏனென்றால் நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வினாடிக்கு 50 சுற்று என்றால் நிமிடத்துக்கு 3,000 என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். டர்பைனின் தண்டோடு சேர்ந்தே ஜெனரேட்டரும் சுற்றும், மின்சாரம் அங்கே பிறக்கிறது.

வேலையை முடித்த ஆவி கண்டென்சருக்குப் போகும். அங்கே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும், அவற்றின் வெளிப்பக்கம் ஆவி பட்டுக் குளிர்ந்து தண்ணீராகும். ஆவி சட்டென்று சுருங்குவதால் அங்கே வெற்றிடம் உண்டாகி, டர்பைனிலிருந்து வரும் ஆவியை அது இழுத்துக்கொள்ளும். நிலையத்தை ஏன் கடலோரம் கட்டினார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் பாதி இருக்கிறது (மறு பாதி, கப்பல்). கடல்நீரும் உலைக் குழாய்களில் ஓடும் பாய்லர் தண்ணீரும் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது, கலந்தால் உப்பு பாய்லர் குழாயை அரித்துவிடும். கடலோர நிலையங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, ஜெல்லி மீன்கள் கூட்டமாக வந்து தண்ணீர் இழுக்கும் வாயை அடைத்துக்கொள்ளும். இப்படி யூனிட்டை நிறுத்த வேண்டிவந்த நாடுகள் பல.

இவ்வளவு செய்தும், எரித்த சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மின்சாரமாகிறது, மிச்சம் கடலுக்கும் புகைபோக்கிக்கும் போகிறது. 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழு அளவில் ஓடினால் மணிக்குச் சுமார் 200 டன் கரி வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5,000 டன், அதாவது 20 டன் லாரியில் ஏற்றினால் 250 லாரி.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். யூனிட்டை நிறுத்தினாலும் டர்பைனை உடனே அசையாமல் நிறுத்திவிட முடியாது. அந்தக் கனமான தண்டு சூடாக இருக்கும்போது ஒரே நிலையில் நின்றால் வளைந்துவிடும், அதனால் ஒரு சின்ன மோட்டார் அதை மெல்ல மெல்லப் பல மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மறுபடி மூட்டுவதும் சுவிட்ச் போடும் வேலை இல்லை. முதலில் எண்ணெயை எரித்து உலையைச் சூடாக்கி, பிறகுதான் கரித்தூளை ஊதுவார்கள், நன்றாக ஆறிப்போன யூனிட் என்றால் பல மணி நேரம் பிடிக்கும்.

"நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் சாயங்காலம் ஜெனரேட்டரைப் போடுவார்கள், இரவு பத்து மணிக்கெல்லாம் நிறுத்திவிடுவார்கள். அப்போது கோலாலம்பூரில் இரவெல்லாம் விளக்கு எரியுமே, அந்தக் கரண்டு எங்கிருந்து வந்தது?" – ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, மேரு

ஐயா, இந்தக் கேள்விக்கு நம் ஆட்களிடமிருந்தே தொடங்கலாம். மலாயாவில் மின்சாரத்தின் கதை 1894இல் ரவாங்கில் தொடங்குகிறது. அங்கே ஈயச் சுரங்கம் நடத்திய லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் சுரங்க வேலைக்காக ஒரு மின் ஜெனரேட்டரை நிறுவினார்கள். ஆமாம், பத்துமலை முருகன் கோயிலுக்கு வித்திட்ட அதே தம்புசாமிப் பிள்ளைதான். தைப்பூசத்தன்று அவர் பெயரைச் சொல்லும் நாம் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது பத்து ஆராங். ரவாங்கிலிருந்து அதிக தூரமில்லை. ஜே.ஏ. ரஸல் தொடங்கிய மலாயன் காலியரீஸ் கம்பெனி 1915இலிருந்து அங்கே நிலக்கரி வெட்டியது. ரயிலுக்கும், ஈயச் சுரங்கங்களுக்கும், கோலாலம்பூருக்கு விளக்கேற்றிய பங்சார் மின் நிலையத்துக்கும் அந்தக் கரிதான் போனது. வெட்டியவர்களில் சீனர்கள் அதிகம், தமிழர்களும் இருந்தார்கள். 1937இல் கூலியும் நிலைமையும் சரியில்லை என்று அவர்கள் செய்த வேலைநிறுத்தம் இந்த நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் பெரியது, சுரங்கத்தையே கைப்பற்றி வைத்திருந்தார்கள், போலீஸ் உள்ளே புகுந்து அடக்கியது. போருக்குப் பிறகு 1949இல் மத்திய மின்சார வாரியம் வந்தது, அதுதான் 1965இல் தேசிய மின்சார வாரியமாகி, நீங்களெல்லாம் 'எல்.எல்.என்.' என்று சொல்வீர்களே அது, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. 1953இல் கிள்ளான் ஆற்றோரம் கன்னாட் பிரிட்ஜ் நிலையத்தைத் திறந்தார்கள். கரியும் எரிக்கலாம், எண்ணெயும் எரிக்கலாம் என்று கட்டிய நிலையம் அது. அப்புறம் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, ரயிலும் டீசலுக்கு மாறியது, பத்து ஆராங் சுரங்கத்தை 1960இல் மூடிவிட்டார்கள். இப்போது போனாலும் அங்கே பழைய புகைபோக்கிகளைப் பார்க்கலாம்.

உங்கள் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போன உயரழுத்தக் கம்பிகள் தோட்டங்களின் மேலேதான் போயின, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு இறங்கவில்லை. தோட்டம் தனியார் நிலம், லயத்துக்கு விளக்குப் போடுவது நிர்வாகத்தின் வேலை என்று விட்டுவிட்டார்கள். நிர்வாகம் தன் ஜெனரேட்டரை தனக்குத் தோன்றிய நேரத்துக்குப் போட்டது, தோன்றிய நேரத்துக்கு நிறுத்தியது. பத்து மணிக்கு மேல் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! கம்பிக்கு அடியிலேயே குடியிருந்தவர்கள் அவர்கள். இதை நியாயம் என்று என்னால் ஒருநாளும் எழுத முடியாது.

"நம் நாட்டிலேயே பெட்ரோலும் கேஸும் இருக்கிறதே, பிறகு எதற்கு வெளிநாட்டிலிருந்து கரி வாங்குகிறோம்?" – சிறு வியாபாரி, கிள்ளான்

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது உலகம் முழுவதும் விலை ஏறியது. அப்போது நம் மின்சாரத்தில் பெரும்பகுதி எண்ணெயிலிருந்துதான் வந்தது, 1979இல் மறுபடி ஒரு விலையேற்றம். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் 1981இல் நான்கு எரிபொருள் கொள்கை என்று ஒன்றைக் கொண்டு வந்தது: எண்ணெய், கேஸ், நீர், நிலக்கரி என்று பிரித்து வைத்துக்கொண்டால் ஒன்று விலை ஏறினாலும் நாடு இருட்டாகாது. காப்பார் நிலையம் அந்தக் கொள்கையின் பிள்ளை. எண்ணெய், கேஸ், கரி மூன்றையும் எரிக்கும்படி கட்டம் கட்டமாகக் கட்டினார்கள். 1980களில் 300 மெகாவாட் யூனிட்டுகளாக ஆரம்பித்து, பிறகு 500 மெகாவாட் கரி யூனிட்டுகள் இரண்டையும் சேர்த்து, எல்லாம் முடிந்தபோது மொத்தம் 2,420 மெகாவாட். முன்னாள் சிலாங்கூர் சுல்தான் சலாஹுத்தீன் அப்துல் அஜீஸ் ஷாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறம் பேராக்கில் லுமுட் பக்கம் கடலைத் தூர்த்து மஞ்சோங், ஜொகூரில் தஞ்சோங் பின், போர்ட்டிக்சன் பக்கம் ஜிமா என்று கரி நிலையங்கள் வரிசையாக வந்துவிட்டன. மஞ்சோங்கில் 2015இல் ஓட ஆரம்பித்த நான்காவது யூனிட் மட்டுமே 1,000 மெகாவாட்டுக்கு மேல், ஆவியை இன்னும் அதிகச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து அதே கரியில் கூடுதல் மின்சாரம் எடுக்கும் வகை.

கேஸ் நம்மிடம் இருக்கிறது, ஆனால் அதைக் குளிரவைத்துத் திரவமாக்கி (எல்.என்.ஜி.) வெளியே விற்றால் நல்ல விலை, தீபகற்பத்துக் கேஸ் கிணறுகளும் பழசாகிக்கொண்டு வருகின்றன. கரி நெடுங்காலம் மலிவாக இருந்தது. சரி, பிரித்து வைக்கத்தான் கரியைக் கொண்டு வந்தோம், இப்போது தீபகற்பத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி கரியிலிருந்தே வருகிறது, அந்தக் கரியில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து, மற்றது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து. 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் நாட்டு நிலையங்களுக்கே கரி போதவில்லை என்று ஏற்றுமதியைத் தடை செய்தது, அதே ஆண்டு உலகச் சந்தையில் டன் விலை 400 அமெரிக்க டாலரைத் தாண்டியது. உங்கள் கடை பில்லில் எரிபொருள் விலைக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு தொகை இருக்கிறதே, அது இந்தக் கதையின் வால்தான். ஒரே சரக்கை நம்பக் கூடாது என்று தொடங்கிய கொள்கை இன்னொரு சரக்கை நம்பும் இடத்தில் வந்து நிற்கிறது, அதைச் சரிசெய்யாமல் கட்டணத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

"என் வீட்டுக்கு எவ்வளவு கரி?" – இல்லத்தரசி, புக்கிட் ராஜா

ஒரு கிலோ கரிக்குச் சுமார் 2 முதல் 2.5 யூனிட் மின்சாரம் (பில்லில் வரும் கிலோவாட்-மணி) என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. மாதம் 300 யூனிட் எரியும் வீடு என்றால், எல்லாமே கரியிலிருந்து வந்ததாக எடுத்துக்கொண்டால், 120 முதல் 150 கிலோ. இரவு முழுக்க ஏர்கான் போட்டால் இன்னும் ஒரு மூட்டை சேரும்.

"துணி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் தூசி படிகிறது. சின்னவனுக்கு வீசிங் வேறு. எங்கிருந்து வருகிறது, யாரிடம் சொல்வது? ஊர்ப் பெயரைப் போட வேண்டாம்." – ஒரு தாயார்

உங்கள் கடிதம்தான் இந்த மாதம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

முதலில், கரி எரிந்தால் என்ன வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாம்பலில் பெரும்பகுதி காற்றோடு பறக்கும் மெல்லிய சாம்பல். புகைபோக்கிக்கு முன்னால் ஒரு பெரிய பெட்டிக்குள் தகடுகளைத் தொங்கவிட்டு உயர் மின்னழுத்தம் கொடுத்து அந்தச் சாம்பலை ஒட்ட வைக்கிறார்கள், அவ்வப்போது சுத்தியலால் தட்டிக் கீழே விழ வைக்கிறார்கள். ஒழுங்காக வேலை செய்தால் 99 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடும். பிடித்த சாம்பலை சிமெண்டோடு சேர்க்க வாங்கிக்கொள்கிறார்கள், மிச்சம் சாம்பல் குளத்துக்கு. கண்ணுக்குத் தெரியாதவை வேறு: கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், மிகச் சிறிய தூசி, துளி அளவில் பாதரசம். நுரையீரலுக்குக் கெடுதல் செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்னத் தூசிதான், துணியில் படிவதைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும். இதற்கெல்லாம் 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகளில் வரம்பு இருக்கிறது.

ஆனால் நம்மைப் போன்ற தோட்டப் பட்டணத்தில் துணியில் படிவது எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செம்பனை ஆலையில் நாரும் ஓடும் எரிக்கிறார்கள், அந்தப் புகைக்கரி கறுப்பாக அப்பும். மண் லாரி, கல்லுடைக்கும் இடம், பக்கத்து வீட்டில் குப்பை எரிப்பது என்று எதுவாகவும் இருக்கலாம், பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்ட முடியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தட்டை வெளியே வைத்து, தூசி படிந்த நாள், நேரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், போனில் படம் எடுங்கள். இரண்டு மூன்று வாரம் எழுதினாலே எந்தப் பக்கத்துக் காற்றில் தூசி வருகிறது என்று தெரிந்துவிடும். அதோடு சுற்றுச்சூழல் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக ஒரு வீடு எழுதுவதைவிட ஒரே வரிசையில் பத்து வீடு சேர்ந்து எழுதினால் ஆள் வந்து பார்ப்பார்கள். சின்னவனுக்கு வீசிங் வந்த நாட்களையும் அதே நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

"நடு இரவில் காது கிழிகிறமாதிரி ஒரு இரைச்சல், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. வெடிக்கப் போகிறதா?" – மோட்டார் பழுதுபார்ப்பவர், காப்பார்

பெரும்பாலும் ஆவி வெளியேறும் சத்தம். யூனிட் திடீரென்று நின்றால் டர்பைன் ஆவியை வாங்காது, உலையோ அந்த நொடியில் ஆறாது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுவதற்குள் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவியை வானத்தில் விடும். அந்த இரைச்சல் கேட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகப் போவது தண்ணீர் ஆவி.

"சாம்பல் குளத்தில் பறவை பார்க்க வெள்ளைக்காரர்கள்கூட வருவார்களாமே, உண்மையா?" – ஆசிரியை, தமிழ்ப்பள்ளி

உண்மை. காப்பார் கரையில் அலை வற்றும்போது சேற்றுநிலம் நீளமாகத் தெரியும், சைபீரியா பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வரும் உள்ளான் என்ற கரைப்பறவைகள் அதில் புழு பொறுக்கும். அலை ஏறியதும் சேறு முழுகிவிடும், நிற்க இடம் வேண்டும், மனித நடமாட்டம் குறைந்த சாம்பல் குளங்களில் வந்து ஆயிரக்கணக்கில் இறங்கி ஓய்வெடுத்தன. வளைந்த நீள அலகுள்ள கர்லூ பறவைகளும், உலகில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் மிஞ்சியிருக்கும் நார்ட்மன் பச்சைக்காலி என்ற உள்ளானும் அதில் அடக்கம். பறவை ஆர்வலர்கள் பல ஆண்டு எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை காலம். நிலையத்துக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது, ஆனால் பள்ளியிலிருந்து முறையாக எழுதிக் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் கோலாசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

"மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான், மின் நிலையத்தில் சேர ஆசைப்படுகிறான். கரி நிலையங்களை மூடப் போகிறார்கள் என்கிறார்களே, அனுப்பலாமா?" – செம்பனைத் தோட்ட லாரி ஓட்டுநர், காப்பார்

மூடப் போவது உண்மைதான். புதிய கரி நிலையம் கட்டுவதில்லை என்று அரசாங்கம் 2021இல் சொன்னது, 2044க்குள் கரியை முழுதாக விடுவது இலக்கு. கரியில் எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது, அதனால் இந்த முடிவு தேவையானது. இதற்கிடையில் தஞ்சோங் பின் நிலையத்தில் கரியோடு செம்பனைக் கழிவு போன்றவற்றைக் கலந்து எரிக்கும் முயற்சியும் நடக்கிறது. நம் தோட்டத்தில் குலையைப் பிரித்த பிறகு கிடக்கும் வெறுங்குலைக்கு அப்படியொரு வேலை கிடைத்தால் நமக்கு நல்லதுதான்.

பையனுக்கு வருவோம். 18 வயதில் சேர்கிறவனுக்கு 2044இல் நாற்பதைத் தொடாத வயது, அப்போது கையில் கரி மட்டும் தெரிந்த வேலை இருக்கக் கூடாது. ஆவியும் பாய்லரும் தெரிந்தவனுக்கு கேஸ் நிலையம், செம்பனை ஆலை, ரப்பர் கையுறைத் தொழிற்சாலை, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்று எங்கும் இடம் உண்டு. முடிந்தால் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் டிப்ளோமா. மதிப்பெண் போதவில்லை என்றால் தொழிற்பயிற்சிக் கழகத்தில் வெல்டிங்கோ இன்ஸ்ட்ருமெண்ட் (அளவுக் கருவி) வேலையோ கற்கட்டும். யூனிட்டைப் பராமரிப்புக்கு நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் குழாய் வெல்டருக்கு ஆள் தேடுவார்கள். நம் பிள்ளைகள் வாசலில் காவல் வேலைக்கும் கரிக் களத்தில் ஒப்பந்தக் கூலி வேலைக்கும் மட்டும் போய் நிற்பதை நான் நெடுநாளாகப் பார்க்கிறேன், கண்ட்ரோல் ரூமில் உட்கார நமக்கு வேண்டியது ஒரு சான்றிதழ்தான்.

அந்தச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. நீங்கள் லாரி ஓட்டிப் போகும் செம்பனை ஆலையில் பாய்லர் இருக்கும், அங்கே உதவியாளாகச் சேர்ந்தால் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை நடத்தும் ஸ்டீம் இஞ்சின் டிரைவர் தேர்வுக்கு உட்கார முடியும், முதலில் இரண்டாம் நிலை, பிறகு முதல் நிலை. பாய்லர் அறையில் வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் தேர்வெழுத விடுவார்கள், ஆகவே சேர்ந்த நாளிலிருந்து எந்தப் பாய்லரில், எத்தனை மாதம் என்று ஆலையிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.